அண்ணன் மீசையை எடுத்த காரணம்

அண்ணன் போய் ஒரு வருடம் நிறையப் போகிறது. திதிக்கு வருகிற சொந்தங்களுக்கும், வர முடியாமல் தபாலில் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் கொடுக்கத்தான் இந்தச் சின்ன நினைவு மலர். அச்சாபீஸ்காரர் நல்ல மனிதர். எழுதத் தெரியாமல் திண்டாடுவேன் என்று நினைத்து, வேறொரு குடும்பத்துக்குப் போட்ட மலரை எடுத்து நீட்டினார். அதில் இருந்தவர் பொறுமையில் பூமி, கொடையில் மழை, குணத்தில் தங்கம். "பேரை மட்டும் மாத்திக்கலாமுங்க. எல்லாருக்கும் பொருந்துமுங்க" என்றார்.

அண்ணனுக்கும் பொருந்தும்தான். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மில்லில் இருந்து வரும்போது அண்ணன் கடலை வாங்கி வருவார். அந்தப் பொட்டலக் காகிதங்களை நீவி நீவிப் படித்துத்தான் எழுத்துக் கூட்டினேன். அவர் கொடுத்த எழுத்தை அவருக்கே பயன்படுத்துகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இருக்கும் தப்பைத்தான் சொல்கிறேன். மற்ற தப்பைப் பொறுப்பதா வேண்டாமா என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "கடைசி வரைக்கும் மீசை வெக்காமயே போய்ட்டாரே, அது என்ன வேண்டுதல் அம்மணி?" என்று கேட்டீர்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அழுகைதான். ஆனால் அதற்கு உள்ளே வேறொன்றும் இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது பவானிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு மானாவாரிக் காடு கொஞ்சம் இருந்தது. கிணறு வற்றியபோது குடும்பமும் சேர்ந்து வற்றியது. மீசை அரும்புவதற்கு முன்பே அண்ணன் கோயமுத்தூருக்கு வந்து பஞ்சு மில்லில் சேர்ந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தது அவர்தான். அண்ணி வந்து ஆறே வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. "இன்னொண்ணு பாக்கலாமுங்கண்ணா" என்று கேட்டபோது, "ஒருத்திகிட்டத் திட்டு வாங்குனது போதும் அம்மணி" என்று சிரித்தார். அண்ணி அவரை ஒரு சொல் திட்டி நான் கேட்டதே இல்லை.

மில் லைன் வீட்டில் ஒரு கட்டில் அகலம்தான் வாசல். அதில் பதினாறு எண்ணெய் டின்களை வைத்து அண்ணன் செடி வளர்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். அப்படியே உட்கார்ந்து முதலில் டின்களைத்தான் பார்ப்பார். லைன் வீட்டுப் பெண்கள், "ஏனுங்க, பொண்டாட்டிகிட்டக் கூட இத்தனை பேச்சு பேசியிருக்க மாட்டீங்களாட்டம்" என்று கேலி செய்வார்கள். "செடி மறுபேச்சுப் பேசறதில்லீங்க, அதுதான் பேச்சு நீளமாகுது" என்பார்.

அந்த மீசையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கன்னம் வரைக்கும் போய் மேலே திரும்பும் மீசை. மில்லில் அவர் பெயரைச் சொன்னால் தெரியாது, 'மீசைக்கார அண்ணன்' என்றால் கேட் காவலாளி கூட வழி காட்டுவார். அண்ணன் தமக்கென்று செய்துகொண்ட ஒரே அலங்காரம் அதுதான். நம்மில் ஆண்கள் மீசையை எடுப்பது இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று வீட்டில் சாவு. இன்னொன்று கோயில் மொட்டை.

பிறகு மில் மூடியது. ஒன்று மாற்றி ஒன்றாக மில்கள் மூடிய காலம் அது, உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே சமயம்தான் எங்கள் வீட்டுக்காரருடைய மோட்டார் பட்டறை நன்றாக ஓட ஆரம்பித்து, அவிநாசி ரோட்டில் இருந்து உள்ளே தள்ளிப் புது லே-அவுட்டில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். வீட்டுக்காரரே போய், "மச்சான், நம்ம ஊட்டுக்கு வந்துருங்க" என்று அழைத்துவந்தார். அண்ணன் ஒரு டிரங்குப் பெட்டியோடும் பதினாறு டின்களோடும் வந்து இறங்கினார். உள்ளே அறை ஒதுக்கியிருந்தோம். "மண்ணோட கால் வெச்சு உன் மொசைக்கைக் கெடுக்க மாட்டேன்" என்று சொல்லிப் பின்பக்க அறையை எடுத்துக்கொண்டார். நானும் இரண்டாவது தடவை வற்புறுத்தவில்லை. வெட்கத்தின் முதல் தவணை அதுதான். அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த லே-அவுட்டில் எல்லா வீட்டு முன்னாலும் புல்தரை, குரோட்டன்ஸ், நடுவில் சிமெண்ட் கொக்கு. நானும் இரண்டு கொக்கு வாங்கி நிறுத்தினேன். அண்ணன் கொக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்ன தின்னும் அம்மணி?" என்று கேட்டார். எதிர்வீட்டு டீச்சரம்மா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் கேட்ட புல்தரையை அண்ணன் போட்டுக் கொடுத்தார். குரோட்டன்ஸும் வைத்தார். ஆனால் குரோட்டன்ஸுக்குப் பின்னால் எனக்குத் தெரியாமல் நாலு அரசாணிப் பூசணி விதையை ஊன்றிவிட்டார். ஆடி மழைக்கு அந்தக் கொடி கிளம்பிப் புல்தரையைத் தாண்டி, ஒரு கொக்கின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கொக்கின் முதுகில் ஒரு அரசாணிக்காய் உட்கார்ந்தது.

"ஏனுங்கண்ணா, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். சிரிச்சுப்போட்டு ஒரு காய் கேப்பாங்க பாரு."

கேட்டார்கள். டீச்சரம்மாதான் முதலில் கேட்டார். அந்தத் தெருவில் அரசாணிக்காய் போகாத வீடில்லை.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். போர் தண்ணீர் உப்பு. வாசலுக்கு உப்புத்தண்ணீர் போதும் என்று நான் சொல்வேன். ஆனால் அண்ணன் அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் வாளி வைத்திருந்தார். புளித்த மோர் கருவேப்பிலைக்குப் போகும். தாம் குளிக்கிற நல்ல தண்ணீரில் பாதியை நிறுத்திக்கொண்டு அதை ஜாதிமல்லிக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். "நான் உப்புல குளிச்சாலும் கறுப்புத்தான். அதுக்கு அப்படியா?" என்பார். இந்த மாதிரிப் பேச்சுகளை எல்லாம் நான் என் மளிகை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். யார் எது நன்றாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வது என் பழக்கம். எழுதி வைத்தவள் கூட இருந்து மதித்தேனா என்றால், அதுதான் இல்லை.

பட்டறைக்கு வேண்டிய பெரிய ஆட்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, களைக்கொத்தோடு குந்தியிருப்பார். கார் சத்தம் கேட்டதும் நான் சன்னலில் இருந்து, "அண்ணா, பின்னாடி கொய்யாவுக்குத் தண்ணி விட்டீங்களா?" என்று கேட்பேன். காலையில்தான் விட்டிருப்பார். ஆனாலும் எழுந்து பின்னால் போவார். ஒரு தடவை கூட "விட்டாச்சு" என்று சொன்னதில்லை. கொய்யா மரத்தடி எப்போதும் சேறாகக் கிடந்தது. அண்ணனுக்கு அதிகத் தண்ணீர் பிடிக்காது, வேர் அழுகும் என்பார். எனக்காக அந்த மரத்துக்கு மட்டும் விட்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவிநாசிப் பக்கம் பெரிய குடும்பம், நல்ல பையன். முதல் நாளே அண்ணனுக்கு வெள்ளை வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். தாய்மாமன் முன்னால் நிற்காமல் நம்மில் பெண் பார்க்கிற பேச்சே கிடையாது. அது தெரியாதவள் இல்லை நான். பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. வழியில் கோயிலுக்குப் போக நினைத்தவர்கள், அங்கே கூட்டம் என்று நேரே வந்துவிட்டார்கள். எட்டரைக்கு வாசலில் அம்பாசிடர் நிற்கிறது. அண்ணன் பாத்தியில் இருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று விடியற்காலையில் இருந்து சருகு பொறுக்கி, மக்கிய எரு போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் எரு. நான் தலை பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன்.

மாப்பிள்ளையின் அம்மா காரை விட்டு இறங்கியவர் வீட்டைப் பார்க்கவில்லை, செடிகளைத்தான் பார்த்தார். குனிந்து பாத்தியில் ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு ஜாதிமல்லிக் கொடியைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "ஏனப்பா, இதுல ஒரு பதியம் கெடைக்குமா? எங்கூட்டுல மூணு தடவை வெச்சேன், மூணும் பட்டுப்போச்சு" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றார். "இருக்குதுங்க. டின்னுல வேர் புடிச்சு ரெடியா இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அறிமுகம் செய்து வைப்பேன் என்று நின்றார்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நல்ல ஆளாப் புடிச்சிருக்கீங்க. இப்படி ஒருத்தன் அமையறது லேசுங்களா? நாள் கூலியுங்களா, மாசச் சம்பளமுங்களா?"

இவர் என் அண்ணன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் அண்ணனின் கையைப் பார்த்தேன். எருவைப் பார்த்தேன். லுங்கியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"மாசத்துக்குங்க."

ஒரே சொல்தான். வாயை விட்டுப் போய்விட்டது. அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. ஆனால் நின்ற நிலை மாறியது. தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பெரிய வீடுகளில் வேலைக்காரர்கள் நிற்பார்களே, அப்படி ஒதுங்கி வழி விட்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "தாய்மாமன் வரலீங்களா?"

"பவானிக்குப் போயிருக்காருங்க. அவசரச் சோலி" என்றேன். முதல் பொய்யை நிறுத்தி வைக்க இரண்டாவது பொய் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்தவர்கள் இருந்ததால் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அண்ணன் அங்கேதான் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது.

அவர்கள் புறப்படும்போது அண்ணன் ஜாதிமல்லி டின்னை நடு வாசலில் கொண்டுவந்து வைத்தார். வாய்ப்பக்கம் ஈரச் சாக்கு கட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "ஏனுங்கம்மா, இதைக் கார்ல வெக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

பிறந்ததில் இருந்து என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் 'ஏம் புள்ளே'. அன்றைக்கு 'ஏனுங்கம்மா'. நான் தலையை ஆட்டினேன். டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்னால் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு கல்லும் முட்டுக் கொடுத்தார். "வாரம் ரெண்டு தடவை நல்ல தண்ணி ஊத்தோணுமுங்க. மோட்டுல வெக்காதீங்க, செவுத்தோரமா வெய்யுங்க. சாயங்கால வெயில் ஆகாதுங்க" என்று அந்த அம்மாளிடம் சொன்னார். அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். மகளின் மாமியாருக்குத் தாய்மாமன் சொன்ன முதல் புத்திமதி அது. கேட்டவருக்கு மட்டும் அது தெரியாது.

கார் போன பிறகு அண்ணன் குழாயடியில் கால் கழுவினார். நான் போய் நின்றேன்.

"பையன் எப்படி அம்மணி?"

"நல்ல பையனுங்கண்ணா."

"அந்தம்மா மண்ணை மோந்து பாத்துச்சு, பாத்தயில்ல? அந்த ஊட்டுல நம்ம புள்ளை நல்லா இருக்கும்."

"அண்ணா, நான் வந்து..."

"அந்த டின்னு நம்ம புள்ளைக்குன்னு போன கார்த்திகையில இருந்து வேர் புடிக்க வெச்சது. கட்டிக் குடுக்கறப்போ கூடக் குடுத்துடலாம்னு. போக வேண்டிய ஊட்டுக்குத்தான போயிருக்குது. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?"

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். இஸ்திரி போட்ட வேட்டி சட்டையை உடுத்திக்கொண்டு மஞ்சப்பையோடு வந்தார்.

"எங்கீங்கண்ணா?"

"பவானிக்குப் போயிட்டு வாரேன்."

"இப்ப எதுக்கு?"

"போயிருக்கேன்னு சொல்லிப்போட்டயில்ல? போகாம இங்கயே இருந்தா நல்லாருக்காது."

அவர் பேச்சில் குத்தல் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்திருந்தால் எனக்குப் பாதிப் பாரம் குறைந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அண்ணனிடம் நான் கேட்ட மன்னிப்பு அந்தக் குடை மட்டும்தான்.

சம்மந்தம் முடிவாகி நாள் குறித்தும் அண்ணன் பவானியிலேயே இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வந்தார். பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மீசை இல்லை. தலைமுடி இல்லாமல் கூட ஆளை அடையாளம் தெரியும், மீசை இல்லாமல் எனக்கே ஒரு நிமிடம் தெரியவில்லை. மேலுதடு வெளுத்து, சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. ஊர்ச் சொந்தங்கள் விடவில்லை.

"ஏனப்பா, மீசைய எங்க போட்டுட்டு வந்தே?"

"முருகன் கேட்டான், குடுத்துப்போட்டேன்."

"இத்தனை வருசமாக் கேக்காத முருகன் இப்ப எதுக்குக் கேட்டான்?"

"அவனுக்கும் பொண்ணு கலியாணமோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேண்டுதல் என்றே நம்பினேன். மாமன் சீரோடு அண்ணன் மண்டபத்துக்குள் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து, "நீங்கதானுங்களா தாய்மாமன்? அன்னைக்குப் பாக்க முடியாமப் போச்சுங்க" என்று கும்பிட்டார். அண்ணன் கும்பிட்ட கையைச் சட்டென்று துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். நகக்கண்ணில் மண் கறுப்பு இருந்தது. எலுமிச்சை மூடியைப் போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. மறைக்கும்போது என் பக்கம் பார்த்தார். பயப்படாதே என்கிற மாதிரி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் நாதஸ்வரம் கூட என் காதில் விழவில்லை. என் பொய்யைக் காப்பாற்றத் தம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

தலைமுடி வளர்ந்தது. மீசையை வளர விடவில்லை. சம்மந்தி வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள் அல்லவா? கொய்யாக் கிளையில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி வைத்து, தினமும் காலையில் மேலுதட்டை மழித்துக்கொள்வார். நான் அடுப்படி சன்னலில் இருந்து பார்ப்பேன். "வெச்சுக்கங்கண்ணா" என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் எடுத்தார் என்ற பேச்சு வரும். அதற்குப் பயந்து பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு தடவை சம்மந்தியம்மா வந்திருந்தார். அண்ணன் வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வருகிற அன்று அவர் மண்ணைத் தொட மாட்டார். சம்மந்தியம்மா வாசலைப் பார்த்துவிட்டு, "அந்தத் தோட்டக்காரர் இப்ப வாரதில்லீங்களா? அவர் குடுத்த ஜாதிமல்லி செவுரு பூராப் படந்துருச்சுங்க. அவர்கிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்" என்றார்.

அண்ணன்தான் பேப்பரைத் தாழ்த்திப் பதில் சொன்னார். "ஊருக்குப் போய்ட்டானுங்க. நல்ல ஆளுங்க. கொஞ்சம் பேச்சு சாஸ்தி."

"ஆமாமுங்க, எனக்கே புத்தி சொல்லிட்டுத்தான் போனாரு!" என்று அந்த அம்மாள் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். தம்மைத் தேடி வந்த நன்றியை வேறொருவனுக்குச் சேர வேண்டியது போல வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். அந்த நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

மில்லில் இழுத்த பஞ்சுத் தூசி கடைசியில் நெஞ்சைப் பிடித்தது. மூச்சு வாங்க ஆரம்பித்து, நாலு அடிக்கு ஒரு முறை நிற்பார். பிறகு படுக்கை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வாசல் தெரிகிற மாதிரி முன்னறையில் கட்டில் போட்டோம். கட்டிலில் இருந்தபடியே, "கருவேப்பிலைக்கு மோர் ஊத்துனயா? அந்தக் கொக்கைக் கொஞ்சம் தள்ளி வை அம்மணி, முல்லைக்கு வெயில் மறைக்குது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மழிக்கத் தெம்பில்லாமல் மூன்று வாரத்தில் மீசை தானாக வளர்ந்துவிட்டது. முழு வெள்ளை. நுனி பழைய பழக்கத்தில் மேலே திரும்பப் பார்த்தது. எத்தனை அழகாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டு, "மாமா, பழைய மாமாவாட்ட இருக்கறீங்க" என்று அதைத் தடவிக் கொடுத்தாள்.

இப்போது சொல்லப்போவதை நான் வீட்டுக்காரரிடம் கூட இந்த மலருக்காக எழுதும்போதுதான் சொன்னேன்.

சம்மந்தியம்மா மறுநாள் பார்க்க வருவதாக எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் செய்தார். நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். மொட்டையும் இல்லை, மீசை இருக்கிறது. துண்டு மட்டும் சுற்றினால் அதே தோட்டக்காரர். நான் சவரக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். "படுத்த மனுசனுக்கு எதுக்குங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் கூடச் சொன்னார். "உண்ணும்போது வாயில போகுது" என்று நான் ஒரு காரணம் சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். பேச மூச்சில்லை. சவரக்காரருக்கு வசதியாக முகவாயைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்.

முதல் தடவை மீசையை அவராக எடுத்தார். கடைசித் தடவை நான் எடுக்க வைத்தேன். சாவு வீட்டுக்காக எடுக்கிற மீசையை, அவர் சாவுக்கு முன்பே அவர் முகத்தில் இருந்து எடுக்க வைத்தவள் நான்.

சம்மந்தியம்மா வந்தார். தம் வீட்டுச் சுவரில் பூத்த ஜாதிமல்லியை ஒரு வாழையிலையில் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். அண்ணன் ஒரு பூவை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணிதான் ஊத்தறீங்களாட்டம்" என்றார். அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. "தோட்டக்காரர் சொன்னாருங்களே, தட்ட முடியுங்களா?" என்றார் அந்த அம்மாள். நான் ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வாயில் வந்தது ஃபேன்தான். மூன்றாம் நாள் விடிந்தபோது அண்ணன் போயிருந்தார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் வாழ்கிற வீட்டுக்கு இந்த மலர் போகப்போகிறது. அவளுக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்கிற பயம்தான் இத்தனை நாளும் என் வாயைக் கட்டியது என்று சொன்னேன். அவள், "பயம் எனக்காக இல்லம்மா, உனக்காக" என்றாள். பிறகு, "மாமா அன்னைக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்ததை நானும் சன்னல் வழியாப் பாத்தேன். நானும் பேசாமத்தான் இருந்தேன். என்னையும் சேத்து எழுதிடு" என்றாள். எழுதிவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டும். அழைத்துவந்த நாளில் இருந்து கடைசி நாள் வரை அண்ணனை மச்சான் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் நினைக்காத என் வீட்டுக்காரருக்கு. வேண்டாம் என்று சொன்ன அந்தச் சவரக்காரருக்கு. தினமும் கஞ்சி கொண்டுவந்து, இன்றைக்கும் எங்கள் வாசல் செடிகளுக்குத் தாமே தண்ணீர் விடுகிற டீச்சரம்மாவுக்கு. பவானியில் இருந்தும் பழைய மில் லைனில் இருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கு. கொய்யா மரத்துக்கு நன்றி சொல்ல வழியில்லை. அண்ணன் சொன்ன மாதிரியே வேர் அழுகி இந்தக் கோடையில் சாய்ந்துவிட்டது.

அட்டைக்குக் கல்யாணப் படத்தைத்தான் அச்சாபீஸ்காரர் கேட்டார். அதில் மீசை இல்லை. டிரங்குப் பெட்டியில் அண்ணனின் மில் அடையாள அட்டை இருந்தது. அதில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறோம். பெரிதாக்கியதில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். மீசை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

சம்மந்தியம்மா, அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். உங்களுக்கு இவரைத் தெரியும். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சம்பளத்துக்கு யாரும் இருந்ததில்லைங்க. அவர் என் அண்ணனுங்க.